திரும்பிப் பார்க்காத வரிசை

நடப்பதற்காக பஸ் ஏறிப் போகும் மனிதர்களை, அண்ணி எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் நான் கண்டதில்லை. என் அண்ணனும் கல்யாணமான புதிதில் அண்ணியிடம் கேட்டிருக்கிறான்: "நடக்கணும்னா வாசல்ல இறங்கி நடக்க வேண்டியதுதானே, அதுக்கு எதுக்கு டிக்கெட்டு?" அண்ணி அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனையும் பஸ்ஸில் ஏற்றி, கடைசி நிறுத்தத்தில் இறக்கி, ஏரிக்கரையோரமாக நடக்க வைத்துக் கூட்டி வந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சும்மா சொல்லக்கூடாது" என்றான் அண்ணன். அதற்குப் பிறகு பல வருஷம் அவன் போகவில்லை. ஆனால் கேலி செய்வதையும் விட்டுவிட்டான். எங்கள் குடும்பத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

நான் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்க்கிறேன். ஊரில் உள்ள ஜன்னல்களையெல்லாம் மூடுவதுதான் என் பிழைப்பு. நாள் முழுக்க மிஷினுக்கு முன்னால் குனிந்து குனிந்து முதுகு கூன் விழப்போகிறது என்று அண்ணிதான் என்னை இழுத்துக்கொண்டு போனார். எனக்கு இயற்கை அழகில் பெரிய ஈடுபாடு கிடையாது. மரம் என்றால் மரம், அவ்வளவுதான். நான் போனது அண்ணியின் வாய்க்குப் பயந்து. தொடர்ந்து போனதற்குக் காரணம் அண்ணி.

அண்ணிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஜன்னலே இல்லாத சின்ன அறை. அகலமான கை வைத்த நாற்காலி ஒன்று, தட்டில் பஞ்சு, ஊசிகள், நிறம் நிறமாக மூடி போட்ட குப்பிகள். வருகிறவர்களில் பாதிப் பேர் ஊசியைப் பார்த்ததுமே முகம் வெளுத்துப் போகிறவர்கள். அண்ணி அவர்கள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே, "காலையில என்ன சாப்பிட்டீங்க? அய்யோ, சாப்பிடாமத்தானே வரச் சொன்னோம், மறந்தே போயிட்டேன் பாருங்க" என்பார். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் பஞ்சை வைத்து மடக்கச் சொல்லிவிடுவார். "குத்திட்டீங்களா?" என்று கேட்டபடி எழுந்து போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

"ஆறு நாளும் கை கையாத்தான் பாக்கறேன்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "ஒருநாளாவது முழு மனுஷங்களைப் பாக்க வேணாமா?"

ஞாயிறுதோறும் ஊரில் உள்ள சிலரைச் சேர்த்து நடக்கக் கூட்டிப் போவார். அந்த ஒரு நாளுக்காக அவர் படும் பாட்டைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். லீவு கிடைக்கும் நாட்களில் புது வழி தேடி ஏதாவது ஒரு பஸ்ஸில் தனியாக ஏறி, அது எங்கே போய்த் திரும்புகிறதோ அங்கே இறங்குவார். கையில் ஒரு குடை. அதைத் தரையில் ஊன்றி ஊன்றி, எங்கே சேறு, எங்கே சரளைக்கல், எங்கே வேர் தடுக்கும் என்று பார்த்துக்கொண்டே நடப்பார். வழியில் இருக்கிற கல், திட்டு, விழுந்த மரம் எல்லாவற்றிலும் உட்கார்ந்து பார்ப்பார். வெறும் கண்ணால் பார்த்தால் போதாதாம். "பாக்க நல்லாத்தான் இருக்கும். உட்கார்ந்தா எந்திரிக்க முடியாது" என்பார். அவர் உட்கார்ந்து பார்த்துத் தள்ளிவிட்ட கற்களே ஒரு வீடு கட்டக் காணும். துணிக்கடையில் வேலை பார்க்கும் அண்ணன், புடவை பிடிக்காமல் எழுந்து போன பெண்களைப் பற்றிப் புலம்புவதுபோல, அந்தக் கற்களைப் பற்றி அண்ணி புலம்புவார்.

போன வழியே திரும்பி வரும் நடை அவருக்குப் பிடிக்காது. ஒரு நிறுத்தத்தில் இறங்கினால் இன்னொரு நிறுத்தத்தில் ஏற வேண்டும். மேடு அதிகம் இருக்கக் கூடாது. பாதி வழியில் நிழலும் தண்ணீரும் இருக்க வேண்டும். காரில் வருகிறேன் என்று யாராவது சொன்னால், "தாராளமா வாங்க, காரை யாரு அந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தறது?" என்று சிரித்துக்கொண்டே கழற்றி விட்டுவிடுவார். இப்படிச் சலித்துச் சலித்து அவர் எடுத்த வழிகள் ஒவ்வொன்றும், மரம் என்றால் மரம்தான் என்று இருந்த என்னையே வாயை மூட வைத்தன. சூரியகாந்தி வயலுக்கு நடுவே ஒரு வரப்பு உண்டு. பூக்கள் நம் தோள் உயரத்தில் நிற்கும். அதற்குள் நுழைந்ததும் எல்லோருடைய பேச்சும் தானாக நின்றுவிடும். நான்கூட அங்கே வாய் திறந்ததில்லை. என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அண்ணியின் விதிகள் கொஞ்சம்தான். மெதுவாக நடப்பவர் முன்னால் போவார். அவரை யாரும் தாண்டக் கூடாது. அண்ணி எல்லோருக்கும் பின்னால் வருவார். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

"திரும்பித் திரும்பிப் பாத்தா, பின்னால வர்றவங்களுக்கு நம்மாலதான் லேட்டாகுதுன்னு தோணிடும். அடுத்த வாரம் ஏதாவது சாக்கு சொல்லி நின்னுடுவாங்க" என்பார்.

மெதுவானவர் முன்னால் போவார் என்ற விதியை மட்டும் அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கே சில மாதம் கழித்துத்தான் பிடிபட்டது. எங்கள் கூட்டத்தில் ஒரு பேக்கரிக்காரர் உண்டு. நல்ல கனத்த உடம்பு. வாழ்நாள் முழுக்க அடுப்புச் சூட்டில் நின்றவர். பத்தடி வைத்தால் மூச்சு வாங்கும், ஆனால் ரோஷம் மட்டும் மலையளவு. அவர் வந்த முதல் நாளே அண்ணி அவர் பக்கத்தில் போய், "சார், வழியில நாய் கீய் இருந்தா முதல்ல பாத்துச் சொல்ல ஒரு நிதானமான ஆள் வேணும். நீங்க முன்னால போறீங்களா?" என்றார். பேக்கரிக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனார். அவர் வேகத்துக்கு நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். அவருக்கு மூச்சு வாங்கியபோது வரிசை நின்றது. நிற்பதே அந்த நடையின் ஒரு பகுதிபோல இருந்தது. குத்தியதே தெரியவில்லை.

என் அண்ணியைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. சொந்தக்காரி என்பதற்காகச் சொல்லவில்லை. சொந்தக்காரர்களைப் பற்றி நான் பொதுவாக நல்லது சொல்கிறவள் இல்லை.

அந்த வருஷம் மழை முடிந்த பிறகு, அண்ணி பறவைகளைப் பார்க்க ஆரம்பித்தார். நடந்துகொண்டே இருக்கும்போது பின்னாலிருந்து குரல் வரும்: "நீங்க போங்க, ஒரு பறவை, பாத்துட்டு வரேன்." காக்காய்க்கும் கொக்குக்கும் மேல் வேறு பறவை அறியாதவர் அண்ணி. வயசானால் புதுசு புதுசாக ஆசை வரும்போல என்று நான் கிண்டல் செய்தேன். பிறகு பூக்கள் வந்தன. பிறகு, "இந்தப் பையைக் கொஞ்சம் நீ வெச்சுக்கோயேன்" என்று தன் தோள்பையை என்னிடம் கொடுக்க ஆரம்பித்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவரே பழக்கி வைத்திருந்ததால், அவர் எப்படி நடக்கிறார் என்று எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

அன்றைக்குக் கால்வாய்க்கரை நடை. தட்டையான வழி, இரண்டு பக்கமும் உயரமான புல், தண்ணீர் சத்தமே இல்லாமல் கூடவே வரும். மதகைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நிறுத்தம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பஸ் முன்னதாகவே வந்து உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே ஏதோ விளையாட்டுப் போட்டி முடித்துவிட்டு வந்த கூட்டம், பந்தும் மட்டையும் பையுமாக நிரம்பி வழிந்தது. சிலர் முன்படியில் தொற்றினோம், சிலர் பின்படியில். வழக்கமாக அண்ணிதான் கடைசியாக ஏறி, எங்களை எண்ணிப் பார்த்துவிட்டுக் கண்டக்டரிடம் தலையாட்டுவார். அன்று கண்டக்டர், "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கத்தினார். எங்கள் கூட்டத்தில் 'ரேடியோ' என்று ஒருவர் உண்டு, மின்சாமான் கடை வைத்திருப்பவர். அணைக்க முடியாத வாய் என்பதால் அந்தப் பெயர். அவர்தான், "ஆச்சு, ஆச்சு, போலாம்!" என்றார்.

முன்னால் இருந்தவர்கள் அண்ணி பின்னால் ஏறியிருப்பார் என்று நினைத்தோம். பின்னால் இருந்தவர்கள் முன்னால் என்று நினைத்தார்கள்.

டவுன் பஸ் நிலையத்தில் இறங்கியதும் வழக்கம்போல வட்டமாக நின்றோம். எண்ணி முடித்த பிறகுதான் வீட்டுக்குப் போவது என்பது பழக்கம். நின்றுகொண்டே இருந்தோம். விளையாட்டுக் கூட்டம் கலைந்து போனது. பஸ் காலியாகி விளக்கை அணைத்துவிட்டுப் போனது. இவ்வளவு வயசான மனிதர்கள், எங்களை எண்ணுவதற்கு ஆள் வரும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி காத்துக்கொண்டு நின்றோம்.

"உங்க அண்ணி எங்கம்மா?" என்று கேட்டார் பேக்கரிக்காரர்.

நான் அண்ணியின் போனுக்கு அடித்தேன். அது என் தோளில் மாட்டியிருந்த அண்ணியின் பைக்குள் மணியடித்தது. ரேடியோ டாக்சி நிற்கும் பக்கம் ஓடினார்.

டாக்சி பிடித்து நானும் ரேடியோவும் போனோம். நிறுத்தத்தில் யாரும் இல்லை. இருட்ட ஆரம்பித்திருந்தது. கால்வாய்க்கரையில் ஓடினேன், ஓடுவது எனக்கும் வராது. மதகுச் சுவரில் அண்ணி உட்கார்ந்திருந்தார், வலது காலை நீட்டி, குடையை மடியில் வைத்துக்கொண்டு. முழங்கால் வீங்கி, கண்ணுக்குத் தெரியும் அளவு பெரிதாக இருந்தது.

"ஒருத்தர்கூட திரும்பிப் பாக்கலையா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"நல்லாத்தான் பழக்கி வெச்சிருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அழுதுவிட்டார். அண்ணி அழுது நான் பார்த்தது அன்றுதான். ரேடியோ தண்ணீரைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த நல்ல குணத்துக்காக அவர் பேசிய பேச்சையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன்.

டாக்சியில் வரும்போது, "இதோட போதும். இனி நடை கிடையாது, எல்லார்கிட்டயும் சொல்லிடு" என்றார்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. முழங்கால் தேய்ந்திருக்கிறது, வீக்கம் வடிந்ததும் சமதரையில் மெதுவாக நடந்துகொண்டுதான் இருக்க வேண்டும், ஒரே இடத்தில் உட்கார்ந்தால் பூட்டிக்கொள்ளும் என்றார். அண்ணனும் கெஞ்சினான், மிரட்டினான், கடைசியில் "நானும் வரேன்" என்றுகூடச் சொன்னான். அண்ணி அசையவில்லை. வேலைக்குப் போவார், வருவார், ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் டப்பாக்களை இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றுவார். துடைத்த டப்பாவையே அடுத்த வாரமும் துடைத்தார். "நான் கூட்டிட்டுப் போறவ. என்னை யாரும் இழுத்துட்டுப் போக வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் நடக்கவில்லை. ஒரே ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தோம். யார் முன்னால் யார் பின்னால் என்பதிலேயே சண்டை வந்து, பஸ் நிலையத்தில் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். வாரம் தவறாமல் பேக்கரிக்காரர் ரொட்டி கொடுத்து அனுப்பினார். அண்ணி வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. முழங்கால் பூட்டிக்கொள்வதைப் பற்றி டாக்டர் சொன்னார். அண்ணியே பூட்டிக்கொள்வதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் வெறும் வயிற்றோடு அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய், சர்க்கரை பார்க்க வேண்டும் என்று சீட்டு வாங்கிக்கொண்டு அந்த அகலக் கை நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"உனக்கு என்ன சர்க்கரை?" என்றார் அண்ணி.

"இருக்கா இல்லையான்னு பாத்தாத்தானே தெரியும்."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ரப்பர் பட்டையைக் கட்டினார். விரலால் நரம்பைத் தடவினார். நான் வீட்டில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். "அண்ணி, கால்வாய்ப் பக்கம் நாய்த் தொல்லை ஜாஸ்தியாயிடுச்சாம். முன்னால போய் நிதானமா பாத்துச் சொல்ல ஒரு ஆள் இருந்தா..."

"நிறுத்து" என்றார். "அது என் ஊசி. என்கிட்டயே குத்தறியா?"

சொல்லிக்கொண்டே குத்திவிட்டார். அன்றைக்கு வலித்தது. ஊசி என் கையில், குப்பிக்குள் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. இப்போது அவரும் எழுந்து போக முடியாது, நானும் எழுந்து போக முடியாது. இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது.

"சரி, எனக்கு உங்களை மாதிரி தெரியாம குத்த வராது. நேராவே சொல்றேன். எங்க எல்லாரையும்விட இப்ப நீங்கதான் மெதுவா நடப்பீங்க. அதனால நீங்க முன்னால வரணும். இது நீங்க போட்ட விதி. அந்த பேக்கரிக்காரர் முன்னால போகலாம், நீங்க போகக் கூடாதா? அவருக்கு மட்டும் என்ன, ரோஷம் இல்லையா?"

அண்ணி ஊசியை உருவினார். பஞ்சை வைத்து, "அழுத்திப் பிடி" என்றார். குப்பியில் சீட்டு ஒட்டினார். கையுறையைக் கழற்றினார், வேறொன்றை மாட்டப் போனார், மாட்டாமல் நின்றார்.

"அவருக்குத் தெரியாது" என்றார் மெதுவாக. "தெரியாததாலதான் சந்தோஷமா நடந்தாரு. எனக்குத் தெரியுமே."

அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் கையை மடக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கதவு வரை வந்ததும் பின்னாலிருந்து கேட்டார்: "அப்ப கடைசியில யாரு வருவா?"

"நான்" என்றேன்.

"உனக்கு ஒழுங்கா எண்ண வராதே."

ஞாயிற்றுக்கிழமை வருவாரா மாட்டாரா என்று கடைசி வரை தெரியவில்லை. பஸ் புறப்படும் நேரத்துக்கு அண்ணன் ஒரு கையில் பையும் இன்னொரு கையில் அண்ணியுமாக வந்து ஏற்றிவிட்டு, தானும் ஏறினான். ஏரிக்கரை நிறுத்தத்தில் இறங்கினோம். அண்ணி குடையை ஊன்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் முன்னால் போய் நின்றார்.

பேக்கரிக்காரர் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"அது என் இடம்" என்றார்.

அண்ணி குடையை மறு கைக்கு மாற்றினார். "இல்ல சார், நாய் இருந்தா நான் பாத்துக்கறேன்..."

"என்ன நாயிம்மா? இத்தனை வருஷத்துல ஒரு நாயாவது வந்திருக்கா?" என்றார் அவர். "மெதுவா நடக்கறவன் முன்னால போகணும், அதானே விஷயம்? எனக்கு முதல் நாளே தெரியும். முதல் வளைவுலயே தெரிஞ்சுபோச்சு. வேற எங்க போனாலும் என்னை விட்டுட்டுப் போயிடுவாங்க, இல்ல எனக்காக நின்னு நின்னு பாப்பாங்க. இங்கதான் என் மூச்சுக்கு ஏத்த மாதிரி எல்லாரும் நடந்தாங்க. தெரிஞ்சுதாம்மா சந்தோஷமா நடந்தேன்."

அண்ணி எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார்.

"எல்லாருக்கும் தெரியும்மா" என்றார் ரேடியோ. "நாங்க பேசிக்கறதில்ல, அவ்வளவுதான்." ரேடியோ பேசாமல் வைத்திருந்த விஷயம் என்றால் அது எப்பேர்ப்பட்டதாக இருக்க வேண்டும்.

பேக்கரிக்காரர் ஓரடி பின்னால் வைத்தார். "என்னைவிட நீங்க மெதுவுன்னு நடந்து காட்டுங்க, இடத்தை விட்டுத் தரேன். இல்லன்னா அடுத்த வாரமே திருப்பி வாங்கிப்பேன்."

வரிசை கிளம்பியது. நான் கடைசியில் நடந்தேன். அங்கிருந்து பார்த்தால் எத்தனை தெரிகிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ரேடியோவுக்குக் களைப்பு வந்தால் இடது தோள் இறங்குகிறது. பேக்கரிக்காரர் மூச்சு முட்டுவதற்குக் கொஞ்சம் முன்பே கையை இடுப்பில் வைத்துவிடுகிறார். அண்ணன் புல்லைப் பிய்த்துப் பிய்த்துப் போடுகிறான். அவனுக்கு உள்ளுக்குள் பயம். இத்தனை வருஷமாக இந்த முதுகுகளையெல்லாம் ஒருத்தி படித்துக்கொண்டு வந்திருக்கிறாள், சரியான நேரத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறாள், நாங்கள் அதை அதிர்ஷ்டம் என்று நினைத்திருக்கிறோம். எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை போதாது என்று பட்டது.

ஏரி பக்கத்தில் விரிந்து கிடந்தது. காற்றே இல்லை. அண்ணியின் முன்னால் யாருடைய முதுகும் இல்லை, வழி மட்டும்தான். அவர் அவசரப்படவில்லை. ஒரு காலை வைத்து, குடையை ஊன்றி, அடுத்த காலை வைத்தார். நாங்கள் எல்லோரும் அந்த வேகத்துக்கு வந்து சேர்ந்தோம்.

கரை வளையும் இடத்தில் அவர் நின்றார். என்ன சாக்கு சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"வலிக்குது" என்றார் அண்ணி, கடைசியில் நின்ற எனக்கும் கேட்கும்படி. "கொஞ்சம் நின்னுட்டுப் போலாம்."

வரிசை முழுவதும் நின்றது.